ஆணை இரவில் வந்தது, விவரம் மறுநாள் வந்தது: நோய்க்காலத்தில் அரசு பேசுவது ஏன் குழப்புகிறது?

கேரளத்தில் நிப்பா காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வாட்சாப் குரல் பதிவுகள் கிளம்பிவிடும். “நாளையிலேருந்து கடையெல்லாம் அடைப்பாம், அரிசி பருப்பு வாங்கி வெச்சுக்குங்க” என்று பெயர் தெரியாத ஓர் அக்கா பதறுவார். சுகாதார அமைச்சின் அறிக்கையும் வரத்தான் செய்யும், மலாயில், பக்கம் பக்கமாக. அதைத் திறந்து படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அக்கா ஏன் ஜெயிக்கிறார்? “நம்ம சனங்களுக்கு விவரம் பத்தாது” என்பது சுலபமாக வாயில் வரும் பதில். அது தப்பான பதிலும்கூட. அந்தப் பதிவைத் திரும்பக் கேளுங்கள். எப்போதிலிருந்து? நாளை. எங்கே? நம் கடைத்தெருவில். நான் என்ன செய்ய வேண்டும்? அரிசி வாங்க வேண்டும். சொன்ன மூன்றும் பொய்தான், ஆனால் கேட்பவருக்குத் தேவையான மூன்றும் அதில் இருக்கின்றன. அமைச்சின் அறிக்கையில் வரிக்கு வரி உண்மை இருக்கும். லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பவர் இன்றிரவு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

கோவிட் காலத்தில் மலேசிய அரசு மக்களிடம் பேசிய விதத்தை இந்த ஓட்டையின் வழியாகப் பார்த்தால், அன்று புரியாத பல சங்கதிகள் இப்போது புரியும்.

அறிவித்தால் சொன்னதாகிவிடுமா?

முதலில் ஒரு விளக்கம். ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போதே, முழு விவரம் கையில் இல்லாதபோதே, மக்கள் உடனே ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும் என்பதற்காக அரசு பேசுவதை நெருக்கடிகாலத் தகவல் தொடர்பு என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2005-ல் இதற்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நம்பிக்கை, முந்திச் சொல்லுதல், ஒளிவுமறைவின்மை, மக்கள் சொல்வதைக் கேட்டல், முன்கூட்டியே திட்டமிடல் என்று ஐந்தை அது அடுக்கியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆறு சொல்லும்: முதலில் சொல், சரியாகச் சொல், நம்பும்படி இரு, பரிவு காட்டு, செய்ய வேண்டியதைச் சொல், மரியாதை கொடு.

‘முதலில் சொல்’, ‘சரியாகச் சொல்’ இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. சிக்கல் முழுக்க அங்கேதான். முந்தினால் விவரம் இருக்காது. விவரம் திரளும்வரை காத்திருந்தால் அதற்குள் அக்கா முந்திவிடுவார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஒரு பழைய விடை தெரியும். பெரட்டு. விடிவதற்கு முன் ஆட்கள் களத்தில் கூடுவார்கள். யாருக்கு எந்த நிரை, யார் மருந்தடிப்பு, மழை வந்தால் என்ன ஏற்பாடு என்று மேற்பார்வையாளரான மண்டோர் சொல்வார். புரியவில்லையென்றால் அந்த இடத்திலேயே கேட்கலாம், முணுமுணுக்கலாம், “நேத்தும் எனக்குத்தான் அந்த மேட்டுக் காடு” என்று சண்டையும் போடலாம். பெரட்டை உயர்த்திப் பேச வேண்டியதில்லை. அது அதிகாரத்தின் இடம், அங்கே வாங்கிய வசவுகளும் அதிகம். ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது அங்கே கண்முன் தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் பேசும் பிரதமருக்கு அந்த வசதி கிடையாது.

நிப்பா: தவறான எதிரியைக் காட்டிய ஆறு மாதம்

நிப்பா என்பதே நம் நாட்டு ஊரின் பெயர்தான். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா. 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில், அதாவது சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். அது கொசுவால் பரவுவது. எனவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், கொசுவிடமிருந்து தப்பிக்கச் சொன்னார்கள்.

பண்ணையில் வேலை செய்தவர்களுக்குக் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்கள் வயதுவந்த ஆண்கள். கொசு எல்லாரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டவர்களாகப் பார்த்து விழுந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். இதற்கிடையே பன்றிகள் லாரி ஏறித் தெற்கே போயின, நோயும் கூடவே புக்கிட் பெலாண்டோக் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டறிந்த பிறகுதான் திசை மாறியது. சுமார் பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. கண்டறியப்பட்ட 265 நோயாளிகளில் 105 பேர் இறந்தார்கள்.

புதிய வைரஸை முதல் நாளே யாராலும் அடையாளம் கண்டிருக்க முடியாது. அந்தத் தவற்றுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது பேசிய தொனியை. “இப்போதைக்கு இது என்று நினைக்கிறோம், ஆனால் இந்த இந்த விஷயங்கள் பொருந்தவில்லை, அதுவரை பன்றியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்” என்று சொல்ல இடம் இருந்தது. “இதுதான்” என்று சொல்லிவிட்டார்கள். உறுதியாகச் சொன்னதால் மக்கள் கொசுவை மட்டும் விரட்டினார்கள்.

2020 மார்ச் 16: இரண்டு நாளில் நடந்தது

ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை நடந்த தப்லீக் கூட்டத்தில் ஏறக்குறைய 16,000 பேர் கலந்துகொண்டார்கள். அதன்பின் எண்ணிக்கை ஏறியது. அடுத்து வந்தது இது:

1. மார்ச் 16, திங்கள் இரவு. பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை, மலாய்ச் சுருக்கத்தில் பிகேபியை, அறிவித்தார். மார்ச் 18 முதல் 31 வரை. சட்டப் பிடிமானம் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும் 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டமும்.

2. மார்ச் 17, செவ்வாய். மாநிலம் தாண்டிப் போகிறவர்கள் போலீஸ் நிலையத்தில் பாரம், அதாவது படிவம், நிரப்பி அனுமதி வாங்க வேண்டும் என்றார் போலீஸ் படைத் தலைவர். ஊருக்குப் போக மூட்டை கட்டியிருந்தவர்கள் நிலையங்களில் குவிந்தார்கள். கூட்டம் கூடாதே என்ற ஆணையின் முதல் விளைவு, அரசாங்கக் கட்டடத்தின் வாசலிலேயே கூட்டம். அன்றிரவே அந்த நிபந்தனை ஒத்திவைக்கப்பட்டது.

3. மார்ச் 18, புதன். ஆணை நடப்புக்கு வந்தது. அதற்குள் பலர் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், பேருந்து நிலையக் கூட்டத்தில் இடிபட்டு.

ஆணை சரியானதுதான். அந்த வாரம் அது இல்லாமல் முடியாது. ஆனால் தலைப்பு திங்கள் இரவு வந்து, விவரம் செவ்வாயும் புதனும் துண்டு துண்டாக, அதுவும் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தது. நடுவில் இருந்த நேரத்தை மக்கள் தங்கள் ஊகத்தால் நிரப்பிக்கொண்டார்கள்.

ஒரு தோட்டத்தில் புதன்கிழமை காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். எழக்கூடிய கேள்விகள் இவைதான்: குலை வெட்டலாமா, கூடாதா? ஆலைக்குப் போகும் லாரியைச் சாலைத் தடுப்பில் மறித்தால் எந்தக் கடிதத்தைக் காட்டுவது, அதை யார் கொடுப்பது? ஆயாக் கொட்டகை மூடியிருந்தால் பிள்ளையை எங்கே விடுவது? வேலையில்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா?

முதல் கேள்வி லேசானதில்லை. செம்பனை மரம் ஆணைக்குக் காத்திருக்காது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழுத்த குலையை இறக்கியாக வேண்டும். இறக்கிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை விழும். ‘அத்தியாவசியத் துறை’ என்ற ஒரே சொல்லுக்குள் மளிகைக் கடையும் மின்சாரமும் வருவது எல்லாருக்கும் புரிந்தது. பனங்காடு அதற்குள் வருமா என்பது தொலைக்காட்சி பார்த்த எவருக்கும் தெரியாது. பிறகு தீபகற்பத்தில் நிபந்தனைகளோடு வேலை தொடர்ந்தது. சபா மாநிலத்திலோ அந்த மாதக் கடைசியில் சில மாவட்டங்களில் தோட்டங்களை மூடச் சொன்னார்கள். ஒரே மரம், ஒரே நோய், இரண்டு சட்டம். இரண்டுக்கும் காரணம் இருந்திருக்கலாம். காரணம் வெட்டுக்காரர் காதுக்கு வந்து சேரவில்லை.

அதன் பிறகு ‘குடும்பத் தலைவர்’ மட்டும் கடைக்குப் போகலாம் என்றார்கள். பேரங்காடிகளில் ஆண்கள் பட்டியலும் கையுமாக, பசலைக்கும் கீரைத்தண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்ற படங்கள் நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தன. வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது.

நான்கு எழுத்து, நாற்பது அர்த்தம்

பிகேபி என்பதைப் பழகிக்கொள்வதற்குள் அது குட்டி போட ஆரம்பித்தது.

1. பிகேபி: முழுக் கட்டுப்பாடு. 2020 மார்ச் 18 முதல்.
2. பிகேபிபி, கடைசி எழுத்து ‘பெர்ஷாராட்’, நிபந்தனையுடன்: மே 4 முதல்.
3. பிகேபிபி, கடைசி எழுத்து ‘பெமுலிஹான்’, மீட்சிக் காலம்: ஜூன் 10 முதல்.
4. பிகேபிடி: ‘டிபெர்கெதாட்கான்’. ஓர் இடத்தை மட்டும் முள்வேலி போட்டு அடைப்பது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் மறுபடி பாருங்கள். ரோமன் எழுத்தில் ஒன்றின் கடைசி எழுத்து B, மற்றதன் கடைசி எழுத்து P. மலாயில் இரண்டும் உச்சரிப்பில் பிரியும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஒன்றில் மாவட்டம் தாண்டக்கூடாது என்று ஒரு காலத்தில் இருந்தது, மற்றதில் சுற்றுலாவே போகலாம். அந்த ஓர் எழுத்து தமிழுக்கு வரும் வழியில் தொலைந்துவிட்டது.

கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தேசியப் பாதுகாப்பு மன்றம் அனுப்பியது. தொடக்கத்தில் ‘ஆர்எம்0’ என்று இருக்கும், காசு பிடிக்க மாட்டார்கள் என்று அர்த்தம். பிறகு மன்றத்தின் சுருக்கப் பெயர். பிறகு மலாய் வாசகம். ஏன் தமிழில் இல்லை என்று கேட்டால் பலரும் அரசியலைக் காரணம் சொல்வார்கள். அது ஓரளவுதான். தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் யூனிகோடில் 70 இடம்தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். மலாய்க்காரருக்கு மூன்று எழுத்தில் முடியும் ஆணை, ‘நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை’ என்று தமிழில் எழுதினால் 27 இடத்தை விழுங்கிவிடும். எழுபதில் இருபத்தேழு போனால் மிச்சத்தில் என்னத்தைச் சொல்வது? பழைய பித்தான் கைப்பேசி வைத்திருக்கும் தாத்தாவுக்கோ அது வெறும் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். தமிழில் சொல்ல வேண்டுமானால் குரல்தான் சரியான வழி. மின்னல் எஃப்எம், ராகா ஆகிய தமிழ் வானொலிகள் அந்த நாட்களில் ஆற்றிய வேலையை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். தகவல் இலாகாவின் ஒலிபெருக்கி வாகனத்தையும்.

மொழிபெயர்ப்பில் வழுக்கிய சொற்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘கொன்தாக் ராப்பாட்’. நோயாளிக்கு மிக அருகில், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள், கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தவர் என்பது அதன் பொருள். தமிழில் ‘நெருங்கிய தொடர்பு’ ஆனது. தமிழ்க் காதுக்கு நெருங்கிய தொடர்பு என்றால் உறவு, சிநேகம், இல்லாவிட்டால் வேறு மாதிரி சங்கதி. பொதுக் குழாயடியில் தினமும் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடிப்பவர், ஆனால் வேலித் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவரிடம் சுகாதார அதிகாரி வந்து “அவரோட உங்களுக்கு நெருங்கிய தொடர்பு இருக்கா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “அவனோடயா? எனக்கா? சத்தியமா இல்ல சார்.” பொய் சொல்லவில்லை அவர். கேள்வி தவறு. ‘பக்கத்தில் இருந்தவர்’ என்று கேட்டிருந்தால் நேரான பதில் வந்திருக்கும்.

சமூக விலகல் என்ற சொல்லும் அப்படித்தான். ‘விலகி நில்’ என்பதைத் தலைமுறை தலைமுறையாக வேறு காரணத்துக்காகக் கேட்டவர்கள் நாம். உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் ‘உடல் இடைவெளி’ என்று மாற்றிக்கொண்டது. நம் நாட்டு வானொலியில் கேட்ட ‘கூடல் இடைவெளி’ இவற்றையெல்லாம்விட நல்ல சொல்.

வீட்டுத் தனிமைக்கு வருவோம். தனியறை, அதிலேயே குளியலறை, நல்ல காற்றோட்டம் என்று நிபந்தனை. லயத்து வீட்டில் ஏது அது? பட்டணத்துக் குறைந்த விலை வீட்டிலும் ஏழு பேருக்கு ஒரு கழிப்பறைதான். செய்தி தெளிவாக இருந்தது. அது மனதில் வைத்திருந்த வீடு வேறு.

டாரூராட்: ஒரு சொல்லின் பழைய கணக்கு

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 ஜூலை வரை நீடித்தது. ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட லயங்கள். அந்த ஊரில் டாரூராட், அதாவது அவசரகாலம், என்ற மலாய்ச் சொல்லுக்கு இதுதான் பொருள்.

2021 ஜனவரி 11 அன்று இரண்டாம் பிகேபி அறிவிக்கப்பட்டது. மறுநாள் 12-ஆம் தேதி நாட்டில் அவசரகாலம் பிரகடனம். முதலாவது தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் வருவது. மக்கள் நடமாட்டம் பற்றியது. இரண்டாவது அரசமைப்பின் 150-ஆம் பிரிவின் கீழ் வருவது. நாடாளுமன்றம் கூடாமல் நின்றது அதனால்தான். இது இராணுவப் புரட்சி அல்ல, ஊரடங்கு கிடையாது என்று பிரதமர் தம் உரையில் சொல்லத்தான் செய்தார். ஆனால் அடுத்தடுத்த நாள் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆணைகளை, ஒன்று நோய்க்கு, ஒன்று அரசியலுக்கு என்று பிரித்துக் கேட்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? எழுபது தாண்டிய ஒரு பாட்டி அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றினால் அவரை மடமை என்று சொல்லிவிட முடியாது. அவர் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அரிசி அளந்துதான் கிடைத்தது.

யார் வாயிலிருந்து வருகிறது?

அந்த முதல் மாதங்களில் மாலை நேரத்தில் நாடே ஒரு முகத்துக்குக் காத்திருந்தது. சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா. குரல் உயராது, இன்று எத்தனை, நேற்று எத்தனை, எது தெரியவில்லை என்று சொல்வார். அவர் சொன்னதில் பாதி புரியாதவர்களும் நம்பினார்கள். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே தொனி. பெரட்டு மண்டோரின் உத்திதான், தெரிந்தோ தெரியாமலோ.

அதே மார்ச்சில் சுகாதார அமைச்சர் அட்ஹாம் பாபா, வெந்நீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்கு இறங்கி அமிலத்தில் செத்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். மகளிர் அமைச்சு, வீட்டில் கணவரிடம் டோராமோன் குரலில் பேசுங்கள் என்று சுவரொட்டி வெளியிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரே அரசின் இரண்டு வாய்களில் ஒன்று உளறினால், மற்றதன் சொல்லிலும் கொஞ்சம் மதிப்பு கழியும்.

இதைவிட ஆழமாக வெட்டியது 2020 ஆகஸ்ட். கெடாவின் நாப்போவில் நாசி கண்டார் கடை நடத்தியவர் ஒருவர் தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பி, வீட்டுத் தனிமை உத்தரவை மீறிக் கடைக்கு வந்தார். தொற்று பரவியது. நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அதே வாரங்களில், துருக்கிக்குப் போய்த் திரும்பிய தோட்டத் தொழில் அமைச்சர் கைருடின் அமான் ரசாலி தனிமையில் இருக்கவில்லை என்பது நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. அவருக்கு 1,000 ரிங்கிட் அபராதம். அவருக்குத் தனிமை உத்தரவுப் பாரமே கொடுக்கப்படவில்லை, எனவே வழக்கில்லை என்று சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் பின்னர் அறிவித்தது. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தோட்டப்புறத்தில், அதுவும் செம்பனைக்கே அமைச்சராக இருப்பவர் விஷயத்தில், யார் இந்தப் பாரக் கணக்கைக் கேட்கப்போகிறார்கள்? ‘ஐந்து மாதம்’, ‘ஆயிரம் வெள்ளி’ என்ற இரண்டு எண்தான் நின்றது. 2021 மார்ச்சில் தனிநபர் அபராத உச்சத்தை 10,000 ரிங்கிட்டாக உயர்த்தியபோது எழுந்த கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது.

கெடா தொற்றுக்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும். சிவகங்கை கிளஸ்டர், அதாவது சிவகங்கைத் தொற்றுத் திரள். நோய்க்கு ஊர்ப் பெயரோ இனப் பெயரோ வைக்காதீர்கள் என்று 2015-லேயே உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. கிளஸ்டருக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்று வாதாடலாம். சிவகங்கைச் சீமையைப் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்ளும் மலேசியக் குடும்பங்களிடம் அந்த வாதம் எடுபடாது.

இன்னொன்று, வேகமாக. ஆவணமில்லாத் தொழிலாளர்கள் பரிசோதனைக்கு வரலாம், பிடிக்க மாட்டோம் என்று 2020 மார்ச்சில் சொன்னார்கள். மே 1 அன்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. இன்று பல தோட்டங்களில் லயத்தில் இருப்பவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். அடுத்த முறை “பயப்படாமல் வாருங்கள்” என்று எந்த மொழியில் சொன்னாலும் மே 1 தான் அவர்கள் காதில் கேட்கும்.

நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதித்த சமயமும் உண்டு. 2021 ஏப்ரலில் அஸ்ட்ராசெனெக்கா தடுப்பூசி பற்றி இரத்தக்கட்டு பயம் பரவியிருந்தது. அதை வற்புறுத்தாமல், ஆபத்து எவ்வளவு சிறியது என்பதை விளக்கி, வேண்டியவர்கள் மட்டும் முன்வாருங்கள் என்று தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் தனிப் பதிவைத் திறந்தார். மே 2 அன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சுமார் மூன்று மணி நேரத்தில் தீர்ந்தன.

எண் யாருக்கு?

சுங்கை சிப்புட் நிர்வாகத்தில் கோல கங்சார் மாவட்டம். ஆனால் பெரிய மருத்துவமனைக்கும் துணிமணிக்கும் மக்கள் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள ஈப்போவுக்குப் போகிறவர்கள். ஈப்போ கிந்தா மாவட்டம். தினசரி எண்ணிக்கை மாவட்டவாரியாக வரும். ‘கோல கங்சார் மஞ்சள் மண்டலம்’ என்றால், அது பக்கத்துத் தாமானா (குடியிருப்பா), இருபது கட்டைக்கு (மைலுக்கு) அந்தப் பக்கமா என்று தெரியாது. 2021 மே மாதம் மாவட்டம் தாண்டத் தடை வந்தபோது, மாவட்டக் கோடு எங்கே ஓடுகிறது என்பதையே பலர் அப்போதுதான் தேடிப் பார்த்தார்கள்.

2021 ஜூலைக்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. அமைச்சு தரவுகளைப் பொதுவில் திறந்துவிட்டது. நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்ததையும் விளக்கத் தொடங்கியது: அறிகுறி இல்லாதவர், லேசான அறிகுறி, நுரையீரல் பாதிப்பு, ஆக்சிஜன் தேவைப்படுபவர், சுவாசக் கருவியில் இருப்பவர். ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் 24,599 என்ற அந்த ஆண்டின் உச்சம் வந்தபோது, அந்தப் பிரிவினை இல்லாமல் அந்த எண்ணைக் கேட்டவரும் அதோடு சேர்த்துக் கேட்டவரும் இரண்டு வேறு செய்திகளைக் கேட்டார்கள்.

வதந்தி ஒரு பதில் கிடைக்காத கேள்வி

2021 மார்ச்சில் வந்த அவசரகாலச் சட்டம், கோவிட் பற்றிய பொய்ச் செய்திக்கு 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்றது. அக்காவின் குரல் பதிவை அனுப்பியவர் பயப்படத்தான் செய்வார். ஆனால் அவர் மனதில் இருந்த கேள்வி அப்படியே இருக்கும்: நாளைக்குக் கடை உண்டா, இல்லையா? அதற்கு யாராவது பதில் சொல்லும்வரை பதிவு வேறு குழுவில் சுற்றும், பெயரை மட்டும் அழித்துவிட்டு.

பதிவு கைக்கு வந்தால் சோதிக்கச் சில வழி உண்டு. 2017 முதல் இயங்கும் செபெனார்ஞா இணையதளத்தில் தேடலாம். தேதி இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘நாளை’ என்று மட்டும் சொல்லும் பதிவுக்கு எந்த நாளும் நாளைதான். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த இலாகா என்று சொல்கிறதா என்று கேட்கலாம். உண்மையான ஆணைக்கு அது கட்டாயம் இருக்கும்.

எல்லாம் மேலிருந்து கீழே வருவதைப் பற்றியே பேசியாயிற்று. கீழிருந்து மேலே போன ஒரே ஒரு செய்தி 2021 ஜூன் கடைசியில் வந்தது. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், கெஞ்ச வேண்டாம், பார்ப்பவர்கள் உதவுவார்கள் என்று சமூக ஊடகத்தில் யாரோ தொடங்கியது நாடெங்கும் பரவியது. பாரம் கிடையாது, மொழி கிடையாது, சுருக்கப் பெயர் கிடையாது. கெடாவின் மந்திரி பெசார் (முதலமைச்சர்) உட்படச் சில அரசியல்வாதிகள் அதைச் சாடினார்கள். கொடி எதற்கு, அரசின் உதவி எண்ணை அழைக்கலாமே என்றார்கள். அந்த எண் எத்தனை வீட்டுக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு கதை.

பட்டணத்துத் தாமான்களில் கொடிக்குப் பலன் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், அரிசிப் பை வந்தது. பெரிய சாலையிலிருந்து மண் பாதையில் மூன்று கட்டை உள்ளே, பனை மறைவில் இருக்கும் லயத்திலோ, வாசல் கொடியில் வெள்ளை வேட்டி என்றைக்கும் உலர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்க அந்த வழியே வருகிறவர் குலை லாரிக்காரர் ஒருவர்தான்.